நேரத்தை வாங்கித் தரும் மானியம்: இந்தியா அலையன்ஸ் மருத்துவ ஆய்வுநல்கை பற்றி ஒரு மதிப்பீடு

எம்.டி. முடித்து ஒரு மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேரும் இளம் மருத்துவர், தம் வார்டில் அடிக்கடி பார்க்கும் நோய் ஒன்றை முறையாக ஆராய விரும்பினால், அவரை முதலில் தடுத்து நிறுத்துவது நேரமின்மைதான். காலையில் புறநோயாளிப் பிரிவு, அதன்பின் வார்டு ரவுண்ட்ஸ், பிற்பகலில் மாணவர் வகுப்பு, இடையிடையே இரவு டூட்டி என்று அவருடைய வாரம் தொடங்கும் முன்பே நிரம்பிவிடுகிறது. சோதனைப் பொருள்கள் வாங்கவும் சிறு கருவி ஒன்றை வாங்கவும் உதவும் ஓரிரு ஆண்டு மானியங்கள் இந்தக் குறையைத் தொடுவதே இல்லை. ஆகவே மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் எந்த அமைப்பையும், அது மருத்துவருக்கு எவ்வளவு நேரத்தை மீட்டுத் தருகிறது என்ற ஒரே கேள்வியைக் கொண்டுதான் நான் அளப்பது வழக்கம். மருத்துவமனை ஒன்றின் ஆராய்ச்சி அலுவலகத்தில் மானிய விண்ணப்பங்களைப் படித்துத் திருத்தும் பணியில் இருப்பவன் என்ற முறையில், இந்தியாவில் இந்தக் கேள்விக்கு ஓரளவேனும் நேரடியாகப் பதில் சொல்லும் அமைப்பான இந்தியா அலையன்ஸைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறையும் லண்டனில் உள்ள வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008-இல் தொடங்கிய இந்த அமைப்பின் அலுவலகம் ஹைதராபாத்தில் இருக்கிறது. முதல் கட்டத்தில் இரு தரப்பும் சமமாகப் பணம் போட்டன. இரண்டாம் கட்டத்தில் அரசு இரண்டு பங்கும் அறக்கட்டளை ஒரு பங்கும் என்று விகிதம் மாறியது. இவ்விரு கட்டங்களிலும் 2,388 கோடி ரூபாய் செலவில் 724 மானியங்கள் வழங்கப்பட்டதாக 2025 அக்டோபரில், மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது அரசு தெரிவித்தது. வகுத்துப் பார்த்தால் ஒரு மானியத்துக்குச் சராசரியாக 3.3 கோடி ரூபாய் வருகிறது. நம் நாட்டு ஆராய்ச்சி மானியங்களில் பழகியவர்களுக்கு இது பெரிய தொகை. ஆனால், அதைவிடப் பெரிய வேறுபாடு அந்தத் தொகை எதற்குத் தரப்படுகிறது என்பதில் இருக்கிறது.

அதற்கு முன், அறக்கட்டளையின் பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1853-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்த ஹென்றி வெல்கம், 1880-இல் சைலஸ் பரோஸ் என்பவருடன் சேர்ந்து லண்டனில் மருந்து நிறுவனம் தொடங்கினார். பொடியாகவும் கஷாயமாகவும் விற்கப்பட்ட மருந்துகளை அளவு மாறாத அழுத்த மாத்திரைகளாக விற்றுப் பெரும் பொருள் ஈட்டினார். 1936-இல் அவர் இறந்தபோது, நிறுவனத்தின் பங்குகள் முழுவதும் அவருடைய உயிலின்படி ஓர் அறக்கட்டளைக்குச் சென்றன. அந்த அறக்கட்டளை பின்னாளில் பங்குகளைப் படிப்படியாக விற்று, 1995-இல் கிளாக்ஸோ நிறுவனம் வெல்கம் நிறுவனத்தை வாங்கியதோடு மருந்து வியாபாரத்திலிருந்து ஏறக்குறைய முழுமையாகவே விலகி, விற்ற பணத்தை முதலீடு செய்து அதன் வருவாயில் இயங்கத் தொடங்கியது. பத்தாண்டுகளில் 1,600 கோடி பவுண்டு செலவிடப்போவதாக 2022-இல் அது அறிவித்தது. இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பக்கம் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வெல்கம் ஆய்வுப் பிரிவு என்ற பெயரிலேயே ஒரு பிரிவு பல ஆண்டுகள் இயங்கியது. 1960-களின் தொடக்கத்தில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் கொள்ளைநோய் போலப் பரவிய ஸ்ப்ரூ என்னும் குடல் நோயை, அதாவது வயிற்றுப்போக்கு நீடித்து, உணவின் சத்து உடலில் சேராமல் ஆட்கள் இளைத்து உருக்குலைந்துபோகும் நோயை, செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் ஊர் ஊராகச் சென்று பதிவுசெய்தனர். அந்தக் கட்டுரைகளை இன்று எடுத்துப் படித்தாலும், நோயாளிகளிடமே பொழுதைக் கழிக்கும் வாய்ப்புப் பெற்ற மருத்துவர்களின் எழுத்து என்பது தெரிகிறது.

இனி, அலையன்ஸ் தனி ஆய்வாளர்களுக்குத் தரும் ஆய்வுநல்கையின், அதாவது ஃபெல்லோஷிப்பின், உள்ளடக்கத்துக்கு வருவோம். முதல் இரு கட்டங்களில், மருத்துவம் மற்றும் பொதுச் சுகாதாரப் பிரிவில் தொடக்கநிலை, இடைநிலை, முதுநிலை என்று படிகள் இருந்தன. காலம் ஐந்து ஆண்டுகள். இரண்டாம் கட்டத்தில் தொடக்கநிலைக்கு ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேலும், இடைநிலைக்கு மூன்றரைக் கோடி அளவிலும் கிடைத்தது. ஆய்வாளரின் சொந்தச் சம்பளம், உடன் வேலை செய்பவர்களின் சம்பளம், பொருள்கள், பயணம் எல்லாம் இதில் அடக்கம். சம்பளம் அடங்கியிருப்பதுதான் இதன் உயிர்நாடி. மருத்துவரின் ஊதியத்தை ஐந்து ஆண்டுகளுக்கு வெளியிலிருந்து ஒருவர் தரும்போது, அவரைப் புறநோயாளிப் பிரிவிலிருந்து விடுவித்து அங்கே இன்னொருவரை அமர்த்த மருத்துவமனைக்கு வழி பிறக்கிறது. வயது வரம்பு இல்லை, நாட்டுரிமை நிபந்தனை இல்லை, விண்ணப்பிக்கும்போது இந்தியாவில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பிள்ளைப்பேறுக்காகவோ வேறு குடும்பக் காரணத்துக்காகவோ இடையில் வேலையை விட்டவர்களின் இடைவெளியைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். முப்பத்தைந்து வயதைத் தாண்டினால் இளம் ஆய்வாளர் அல்லர் என்று கதவைச் சாத்தும் திட்டங்களுக்கு நடுவில் இது தனித்து நிற்கிறது. எம்.பி.பி.எஸ்., எம்.டி., அதற்குமேல் டி.எம்., நடுவில் நுழைவுத் தேர்வுக்குப் படித்த ஆண்டுகள் என்று கூட்டினால், ஒரு மருத்துவர் ஆராய்ச்சிக்குத் தயாராகும் வயதே அதுதான் என்பதை விதி எழுதுபவர்களில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதே அளவுகோலை அமெரிக்காவில் வைத்துப் பார்க்க ஒரு நல்ல எடுத்துக்காட்டு டோரிஸ் டியூக் அறக்கட்டளை. புகையிலைத் தொழிலில் குவிந்த குடும்பச் செல்வத்துக்கு வாரிசான டோரிஸ் டியூக் 1993-இல் மறைந்தார். அவருடைய உயிலின்படி 1996-இல் உருவான அந்த அறக்கட்டளை, தன் மருத்துவ ஆராய்ச்சி நிதியை மனிதர்களை நேரடியாகச் சார்ந்த ஆய்வுக்கே முதன்மையாகத் தந்துவந்திருக்கிறது. விலங்குகளைப் பயன்படுத்தும் ஆய்வுக்குத் தம் பணம் போகக்கூடாது என்பது அவருடைய விருப்பம். புகையிலையில் வந்த பணம் மருத்துவமனைக்குத் திரும்புவதிலுள்ள முரணை வாசகர்களின் சிந்தனைக்கே விட்டுவிடலாம். அந்த அறக்கட்டளையின் இளம் மருத்துவ ஆய்வாளர் விருதைப் பெறுபவர் தம் பணி நேரத்தில் 75 விழுக்காட்டை ஆராய்ச்சிக்கு ஒதுக்க வேண்டும், அதை அவருடைய கல்லூரி எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். 2015-இல் அது இன்னும் ஒரு படி மேலே சென்றது. கைக்குழந்தையையோ நோயுற்ற பெற்றோரையோ கவனிக்க வேண்டியிருப்பதால் ஆராய்ச்சியைக் கைவிடும் நிலையில் உள்ள மருத்துவர்களைத் தக்கவைக்கப் பத்து மருத்துவக் கல்லூரிகளுக்குப் பணம் தந்தது. அந்தப் பணத்தில் உதவியாளரையோ புள்ளியியலாளரையோ அமர்த்திக்கொண்டு மருத்துவர் தம் மணிநேரங்களை மீட்டுக்கொள்ளலாம். நான் அறிந்த அறக்கட்டளைத் திட்டங்களில், நேரம்தான் பற்றாக்குறைப் பொருள் என்பதை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது வேறொன்று இல்லை. இந்தியா அலையன்ஸ் இந்தத் தரத்துக்கு அருகில் வருகிறது, ஆனால் எட்டவில்லை.

எட்டாததற்குக் காரணம் விண்ணப்ப முறை அல்ல. அந்த முறை நேர்மையானது. முதற்கட்ட விண்ணப்பம், முழு விண்ணப்பம், உள்நாட்டு வெளிநாட்டு வல்லுநர்களின் மதிப்பீடு, பிறகு நேர்காணல் என்ற வரிசையில் தேர்வு நடக்கிறது. நேர்காணலில் கேள்விகள் கடுமையாக இருக்கும் என்பதும், துறைத்தலைவரின் சிபாரிசு அங்கே செல்லாது என்பதும் விண்ணப்பித்தவர்கள் பலரும் ஒப்புக்கொள்ளும் செய்தி.

சிக்கல் தொடங்குவது வரவேற்பு நிறுவனத்தில், அதாவது ஆய்வாளர் தங்கி வேலை செய்யப்போகும் மருத்துவமனையிலோ கல்லூரியிலோதான். நல்கை தனி மனிதருக்கு வழங்கப்பட்டாலும் பணம் நிறுவனத்தின் கணக்குக்கே வருகிறது. நேரத்தைத் தர வேண்டியதும் நிறுவனமே. ஆய்வாளரைப் பிற பணிகளிலிருந்து விடுவிப்போம் என்று விண்ணப்பத்தோடு ஒரு கடிதம் இணைக்கப்படுகிறது. அந்தக் கடிதத்தில் கையெழுத்திடும் நிர்வாகிக்கும், மறுநாள் காலை புறநோயாளிப் பிரிவின் வரிசையைப் பார்த்துத் தவிக்கும் துறைத்தலைவருக்கும் இடையில் எந்தப் பேச்சும் நடந்திருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில், வெளி மானியம் ஒன்றைப் பெற்ற மருத்துவருக்குப் பாராட்டு விழா எடுத்துப் பொன்னாடையும் போர்த்தினார்கள். அவருடைய டூட்டி அட்டவணையில் மட்டும் ஒரு வரிகூட மாறவில்லை. அவர் இரவில் நோயாளிகளின் பதிவேடுகளைப் படித்தார், விடுமுறை நாட்களில் தரவுகளைக் கணினியில் ஏற்றினார். இப்படிப்பட்ட இடத்தில் மூன்று கோடி கொடுத்தாலும் முப்பது கோடி கொடுத்தாலும் ஆய்வு ஒரே வேகத்தில்தான் நகரும்.

அரசு மருத்துவக் கல்லூரிகளின் நிலை வேறு. நோயாளிகளின் எண்ணிக்கையிலும் நோய்களின் வகையிலும் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு நிகரான ஆய்வுக்களம் அரிது. ஆனால் அங்கு பணிபுரியும் உதவிப் பேராசிரியர் கலந்தாய்வில் இடமாற்றம் பெறக்கூடியவர், பதவி உயர்வோடு ஊர் மாறக்கூடியவர், வெளி நிதியைப் பெற மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் அனுமதிக்காகக் கோப்போடு அலையக்கூடியவர். ஐந்து ஆண்டுகள் ஓரிடத்தில் நிலைத்து ஒரு நோயாளிக் குழுவைத் தொடர்ந்து பார்க்க வேண்டிய ஆய்வுக்கு இந்தப் பணி அமைப்பு ஒத்துவருவதில்லை. விளைவு, ஏற்கனவே ஆராய்ச்சி அலுவலகமும் கணக்காளரும், ஆய்வில் பங்கேற்பவர்களின் நலனைக் காக்கும் நெறிமுறைக் குழுவும் செவ்வனே இயங்கும் சில நிறுவனங்களைச் சேர்ந்தவர்களுக்கே இத்தகைய நல்கைகள் எளிதில் கைகூடுகின்றன. தகுதி பார்த்துத் தருகிறோம் என்று அலையன்ஸ் சொல்வது உண்மைதான். அந்தத் தகுதியை வளர்த்துக்கொள்ளும் மண் எல்லா இடத்திலும் இல்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை.

ஐந்து ஆண்டு என்ற காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் அடிப்படை அறிவியல் செய்பவருக்கு ஐந்து ஆண்டு என்றால் ஏறக்குறைய ஐந்து ஆண்டுதான். நோயாளிகளைச் சேர்த்துச் செய்யும் மருத்துவ ஆய்வில் அப்படி இல்லை. நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தைத் தமிழிலும், தேவைப்பட்டால் தெலுங்கு, இந்தி, வங்காளியிலும் ஆக்கிச் சரிபார்க்க வேண்டும். சிகிச்சை பற்றிய சோதனை என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். 2009-இல் கட்டாயமாக்கப்பட்ட இந்தப் பதிவை, ஆய்வு தொடங்கிய பிறகு செய்யும் சலுகை 2018 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. இவை எல்லாம் தேவையான காவல்கள், குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஆராய்ச்சி நர்சையும் களப்பணியாளரையும் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்து முடிப்பதற்குள் முதல் ஆண்டு கரைந்துவிடும். கடைசி ஆண்டில் நோயாளிகளை மறுபடி அழைத்துப் பார்க்கும் வேலையும் பகுப்பாய்வும் வந்துவிடும். இடையில் எஞ்சுவது மூன்று ஆண்டு. ஒப்புதல்களுக்கு ஆகும் மாதங்களை நல்கைக் காலத்துக்கு வெளியே வைத்து, முதல் நோயாளி சேர்ந்த நாளிலிருந்து கடிகாரத்தை ஓடவிடும் ஏற்பாடு மருத்துவப் பிரிவுக்கு மட்டுமாவது இருந்தால் நியாயமாக இருக்கும் என்பது என் கருத்து.

தொடக்க ஆண்டுகளில் நல்கைகளின் பெரும்பங்கு அடிப்படை அறிவியலுக்கே சென்றது. அலையன்ஸ் அதை உணராமல் இல்லை. மருத்துவர்களுக்கெனத் தனியாக ஆராய்ச்சிப் பயிற்சி நல்கையையும், பல நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் மருத்துவ ஆய்வு மையங்களுக்கான நிதியையும், பல ஆய்வாளர்கள் கூடிச் செய்யும் ஆய்வுக்கான, 10 கோடி ரூபாய் வரையிலான குழு அறிவியல் மானியங்களையும் பின்னர் கொண்டுவந்தது. அவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2018-இல் தொடங்கிய ஆராய்ச்சி மேலாண்மை முயற்சி. மானியக் கணக்கைப் பார்ப்பது, ஒப்பந்தங்களைச் சரிபார்ப்பது, விதிகளை அறிந்து ஆய்வாளருக்கு வழிகாட்டுவது என்ற வேலைகளைச் செய்ய ஒவ்வொரு நிறுவனத்திலும் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்த ஆட்கள் இல்லாத இடத்தில் கொள்முதல் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் பிரிவுக்குப் போய்வருவதும் மருத்துவர்தான். மீட்டுக் கொடுத்த நேரம் அங்கேயே கசிந்து போகும். இத்துறையில் இருப்பவன் என்பதால் என் பார்வை ஒருபக்கச் சார்புடையது என்று வாசகர் எண்ணினால் மறுக்க மாட்டேன்.

இந்திய அறக்கட்டளைகளோடு ஒப்பிட்டால் அலையன்ஸின் இடம் இன்னும் தெளிவாகும். ரத்தப் புற்றுநோயால் 1931-இல் மறைந்த மனைவி மெஹர்பாயின் நினைவாக தோராப்ஜி டாட்டா அடுத்த ஆண்டே நிறுவிய லேடி டாட்டா நினைவு அறக்கட்டளை, தன் வருவாயில் ஐந்தில் நான்கு பங்கை உலகெங்கும் நடக்கும் ரத்தப் புற்றுநோய் ஆய்வுக்கும் எஞ்சிய பங்கை இந்திய ஆராய்ச்சி மாணவர்களுக்கும் செலவிடுகிறது. இந்தியப் பணம் வெளிநாட்டு ஆய்வகங்களுக்குப் போன அந்தக் காலத்துப் பெருந்தன்மை இன்றும் வியப்பளிப்பது. அண்மைக் காலத்துக் கொடையாளர்கள் பெரும்பாலும் கட்டடத்தையும் நிறுவனத்தையும் நாடுகிறார்கள். இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் பிரதிக்ஷா அறக்கட்டளை தந்த 225 கோடி ரூபாயில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூளை ஆராய்ச்சி மையம் உருவானது. கோலார் மாவட்டம் ஸ்ரீனிவாசபுரத்தின் கிராமங்களில் முதுமையையும் மறதி நோயையும் பற்றிய நீண்டகால ஆய்வை அந்த மையம் நடத்திவருகிறது. 2022-இல் அதே கழகத்தில் 800 படுக்கை கொண்ட மருத்துவமனைக்காக, மைண்ட்ட்ரீ மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர்களில் இருவரான பாக்சி, பார்த்தசாரதி ஆகியோரின் குடும்பத்தினர் 425 கோடி ரூபாய் அறிவித்தனர். மருத்துவப் பட்டமேற்படிப்பையும் ஆராய்ச்சிப் பட்டத்தையும் இணைத்து மருத்துவர்களை உருவாக்குவது அங்கே திட்டம். இவை நல்ல முயற்சிகள். ஆனால் இவை எழும் வளாகத்துக்கு வெளியே, திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ ஒரு கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கு இவற்றால் நேரடிப் பயன் இல்லை. அலையன்ஸின் கதவு, கொள்கையளவிலாவது, அவருக்கும் திறந்திருக்கிறது.

மூன்றாம் கட்டத்தில் மொத்தம் 1,500 கோடி ரூபாய், அதில் உயிரித்தொழில்நுட்பத் துறை 1,000 கோடியும் வெல்கம் 500 கோடியும் தரவுள்ளன. 2025-26 தொடங்கி 2030-31 வரை புதிய நல்கைகள் வழங்கப்படும். வழங்கியவற்றை 2037-38 வரை நடத்திமுடிப்பார்கள். மூன்றில் இரண்டு பங்கு அரசுப் பணம் என்னும்போது இதை அறக்கட்டளை நிதி என்று அழைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அந்த மூன்றில் ஒரு பங்கு பணத்தை இந்திய அரசு நினைத்தால் தானே ஈடுகட்டிவிட முடியும். வயது பாராமை, நாட்டுரிமை பாராமை, வெளியாரின் மதிப்பீட்டுக்குக் கட்டுப்படுதல், ஆய்வின் முடிவுகளை எவரும் காசு கொடுக்காமல் படிக்கும்படி திறந்த களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்ற நிபந்தனை ஆகிய பழக்கங்களை அரசுத் துறை ஒன்று தனியே தொடங்கி இத்தனை ஆண்டு காத்திருக்குமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அந்த வகையில் அறக்கட்டளை தரும் ரூபாய்க்கு அதன் முகமதிப்பைவிட மதிப்பு கூடுதல்.

மூன்றாம் கட்டத்தின் அறிவிப்பில் பெண்களுக்கான ஆதரவைப் 10 முதல் 15 விழுக்காடு உயர்த்துவது ஒரு குறிக்கோளாக இடம்பெற்றிருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் எண்ணிக்கையை உயர்த்துவது தேர்வுக்குழுவின் கையில் இருக்கிறது. தேர்வான பிறகு இரண்டாம் ஆண்டில் தாய்மை விடுப்பில் செல்பவரின் ஆய்வை யார் நடத்துவது, நோயாளிகளை யார் தொடர்ந்து பார்ப்பது என்பது நிறுவனத்தின் கையில் இருக்கிறது. டோரிஸ் டியூக் அறக்கட்டளை செய்ததுபோல உதவியாளருக்கெனத் தனித் தொகை ஒதுக்கினால்தான் இந்தக் குறிக்கோள் தாளைவிட்டு வெளியே வரும்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், எம்.டி.யோ டி.எம்.மோ முடித்து, ஆராய்ச்சியை நடத்திப் பழகிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்ப்பவர், அல்லது அங்கே இடம்பெயரத் தயாராக இருப்பவர், தயங்காமல் விண்ணப்பிக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்ட மானியம் ஒரு குறிப்பிட்ட ஆய்வை முடிக்க உதவும். இதுவோ ஒருவர் ஆய்வாளராகவே மாற உதவும். கிடைக்காவிட்டாலும், விண்ணப்பத்துக்காகக் கேள்வியைக் கூர்தீட்டிய உழைப்பு வேறொரு மானியத்துக்கு அப்படியே பயன்படும். தனியார் மருத்துவமனைச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு இது ஏமாற்றமே தரும். இடமாற்றம் எப்போது வரும் என்று தெரியாத அரசுப் பணியில் இருப்பவர், இயக்குநரகத்தின் எழுத்துபூர்வ அனுமதி கைக்கு வரும்வரை விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைக்கூடத் தொட வேண்டாம்.

விண்ணப்பிக்க முடிவு செய்தவர்களுக்கு ஒரு நடைமுறை யோசனை. நிறுவனத்தின் ஆதரவுக் கடிதத்தில், "போதிய ஆராய்ச்சி நேரம் வழங்கப்படும்" என்ற வரியை ஏற்காதீர்கள். வாரத்தில் எந்தெந்தக் கிழமைகளில் புறநோயாளிப் பிரிவு, மாதத்தில் எத்தனை இரவு டூட்டி, உங்களுக்குப் பதிலாக அமர்த்தப்படுபவரின் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து என்ற விவரங்களை அதில் எழுதச் சொல்லுங்கள். கல்லூரி முதல்வரின் கையெழுத்தோடு துறைத்தலைவரின் கையெழுத்தும் இருக்கட்டும். துறைத்தலைவர் மாறினால் புதியவரிடமும் அதே தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.